இஸ்லாம் சொல்லும் நரகம் எப்படிப்பட்டது? அதற்குப் பயந்துதான் முஸ்லிம்கள் தொழுகிறார்களா?

பயம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். மதுரை நெல்பேட்டையில் அத்தாவின் (அப்பாவின்) மளிகைக் கடையில் வளர்ந்தவன் நான். சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போன இடத்தில் ஹஜ்ரத் (மார்க்க ஆசிரியர்) சொன்ன ஜஹன்னம் என்ற நரகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஏழு வாசல், காவலுக்கு 19 வானவர்கள், தின்ன ஸக்கூம் என்ற நரக மரத்தின் கனி, குடிக்கக் கொதிநீர். மனிதர்களும் கற்களுமே அதற்கு எரிபொருள் என்கிறது குர்ஆன். நம் அடுப்பு நெருப்பு அதில் 70-ல் ஒரு பங்குதான் என்பது நபிமொழி. இதைக் கேட்ட அன்று அம்மா பக்கத்தில்தான் படுத்தேன்.

ஆனால் அங்கே போகிறவர்கள் யார் என்று குர்ஆன் சொல்லும் இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. 74-ஆம் அத்தியாயத்தில் நரகவாசிகளிடம் காரணம் கேட்கப்படுகிறது. தொழவில்லை என்கிறார்கள், அடுத்ததாகவே, ஏழைக்குச் சோறு போடவில்லை என்கிறார்கள். 83-ஆம் அத்தியாயம் தொடங்குவதே எடையில் குறைப்பவனுக்குக் கேடுதான் என்று. அத்தாவை நடுங்க வைத்தது அதுதான். பருப்பு நிறுத்து முள் நேராக நின்ற பிறகும் ஒரு பிடி அள்ளிப் போடுவார். "இந்தத் தராசுக்கு நாளைக்கு நான்தாம்ப்பா பதில் சொல்லணும்" என்பார்.

இறைவனை ஏற்க மறுப்பதையும் குர்ஆன் காரணமாகச் சொல்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் ஒருவரைக் காட்டி இவர் நரகவாசி என்று சொல்லும் உரிமை நமக்கில்லை என்றே ஹஜ்ரத் சொல்லித் தந்தார். அப்புறம், கடுகளவு ஈமான் (இறைநம்பிக்கை) உள்ளவரும் கடைசியில் வெளியே கொண்டுவரப்படுவார் என்ற நபிமொழியும் உண்டு.

என்னை உலுக்கியது வேறொரு நபிமொழி. மறுமையில் ஒருவர் தொழுகை, நோன்பு, ஜகாத் (கட்டாய தர்மம்) எல்லாவற்றோடும் வருவார். ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பார், இன்னொருவர் பொருளைத் தின்றிருப்பார். அவருடைய நன்மைகளை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவம் இவர் தலையில் ஏறும், பிறகு நரகம். அவர்தான் உண்மையில் ஓட்டாண்டி என்றார்கள் நபிகள்.

அதனால்தான் எங்களில் ஜனாஸா தொழுகைக்கு, அதாவது இறந்தவருக்கான தொழுகைக்கு முன், அவர் யாருக்காவது கடன் பாக்கி வைத்திருக்கிறாரா என்று கேட்கும் வழக்கம். அத்தா மௌத்தானபோது நான் எழுந்து நின்று, "அத்தா யாருக்காவது தர வேண்டியிருந்தால் என்னிடம் கேளுங்கள், மனம் நோகப் பேசியிருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்றேன். அடக்கம் முடிந்ததும் கீழமாசி வீதி மொத்த வியாபாரி ஒருவர் தயங்கித் தயங்கி, வத்தல் மூட்டைக்கு 2,300 ரூபாய் பாக்கி என்றார். அன்று ராத்திரியே கொண்டுபோனேன். "இப்ப என்ன அவசரம் தம்பி" என்று அவர் வாங்க மறுக்க, கையில் வைத்து அழுத்திவிட்டுத்தான் வந்தேன்.