லீஸ் நேரத்தைக் கூட்டினால் பிரிண்டரின் ஐபி முகவரி மாறாமல் இருக்குமா?

கேள்வி: என் ரவுட்டரில் டிஹெச்சிபி லீஸ் டைம் (ரவுட்டர் தானாகக் கொடுக்கும் ஐபி முகவரியை ஒரு கருவி வைத்துக்கொள்ளும் காலம்) 86400 என்று இருக்கிறது. சனி, ஞாயிறு பிரிண்டரை அணைத்து வைத்துத் திங்கட்கிழமை போட்டால், பல வாரங்களில் அதன் ஐபி முகவரி மாறிவிடுகிறது. லேப்டாப்பில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. லீஸ் நேரத்தைக் கூட்டி வைத்தால் போதுமா?

பதில்: கூட்டினால் தொந்தரவு குறையும், தீராது. தீர வேண்டுமென்றால் ரவுட்டரிலேயே அந்தப் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வையுங்கள்.

86400 என்பது நொடிக் கணக்கு; ஒரு நாள். ஒரு நாள் முடிந்ததும் முகவரியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று இதற்குப் பொருளில்லை. பாதி நேரம், அதாவது 12 மணி நேரம் ஆனதுமே, முகவரி வாங்கிய கருவி அதைக் கொடுத்த சர்வரிடமே (வீட்டில் அது ரவுட்டர்தான்) நேராகப் போய்ப் புதுப்பித்துத் தரச் சொல்லும். சர்வர் சரியென்றால் 24 மணி நேரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். பதில் வராவிட்டாலும் பழைய முகவரியிலேயே வேலை நடக்கும். எட்டில் ஏழு பங்கு கழிந்ததும், அதாவது 21-வது மணி நேரத்தில், எந்த சர்வராவது நீட்டித்துத் தரட்டும் என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். அப்போதும் யாரும் தராமல் 24 மணி நேரம் முடிந்தால்தான் முகவரியைக் கைவிட வேண்டும். 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2131 என்ற இணையத் தர ஆவணம் சொல்லும் முறை இது. அதனால்தான் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்கு மாதக்கணக்கில் ஒரே முகவரி நிற்கிறது.

அணைந்து கிடக்கும் பிரிண்டர் எதைப் புதுப்பிக்கும்? சனிக்கிழமையோடு அதன் லீஸ் முடிந்துவிடுகிறது. பல ரவுட்டர்களில் உள்ளே ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் லீஸ் கோப்பில் ஒரு கருவிக்கு ஒரு வரி, இப்படித் தொடங்கும்:

1735689600 02:11:22:33:44:55 192.168.1.120

முதல் எண் லீஸ் முடியும் தருணம். 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணிய நொடிகள். அடுத்தது மேக் முகவரி, அதாவது கருவியின் நெட்வொர்க் இணைப்புக்கான அடையாள எண்; பிறகு கொடுத்த ஐபி. அந்தத் தருணம் தாண்டினால் வரி நீங்கிவிடும், 120 என்று முடியும் அந்த ஐபி வேறு யாருக்கும் போகலாம். திரும்பி வருபவருக்குப் பழைய முகவரியையே தரத்தான் சர்வர்கள் பொதுவாக முயல்கின்றன. ஆனால் இடையில் வந்த ஒரு போன் அதை வாங்கியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இப்போதைய போன்கள் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் தனித்தனியாகத் தற்போக்கான மேக் முகவரி வைத்துக்கொண்டு, அதைச் சில நேரம் மாற்றியும் கொள்வதால், ஒரே போன் சில நேரம் இரண்டு மூன்று லீஸ்களைப் பிடித்து வைப்பதும் உண்டு.

லீஸை ஏழு நாளாக்கினால் வார இறுதியைத் தாண்டிவிடலாம். ஆனால் ஒரு மணி நேரம் வந்து போன விருந்தாளியின் போனும் ஏழு நாள் இடம் பிடித்திருக்கும். வைஃபையை விட்டுப் போகும் போன்கள் பெரும்பாலும் சொல்லிக்கொண்டு போவதில்லை. போதாததற்கு, லீஸ் பட்டியலை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும் ரவுட்டர் மறுதொடக்கம் ஆனால் எல்லாமே மறந்துபோகும்.

பிரிண்டரிலேயே கையால் 192.168.1.120 என்று போட்டுவிடுவதுதான் பலர் செய்வது. அந்த எண் ரவுட்டர் பகிர்ந்தளிக்கும் வரம்புக்குள் இருந்தால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முகவரியைத் தருமுன் பல சர்வர்கள் அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று பிங் என்ற சிறு செய்தி அனுப்பிப் பார்க்கும். பிரிண்டர் அணைந்திருந்தால் பதில் வராது. காலி என்று நினைத்து அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். திங்கட்கிழமை ஒரே முகவரியில் இருவர் நிற்பார்கள்.

ஆகவே ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் முகவரி ஒதுக்கீட்டைத் திறந்து, பிரிண்டரின் மேக் முகவரியையும் நீங்கள் விரும்பும் ஐபியையும் சேருங்கள். வயருக்கும் வைஃபைக்கும் பிரிண்டரில் தனித்தனி மேக் முகவரி இருக்கும். இப்போது எதில் இணைத்திருக்கிறீர்களோ அதையே எடுங்கள். ஒதுக்கியதும் முகவரி உடனே மாறாது. பிரிண்டர் அடுத்த முறை கேட்கும்போதுதான் புதியது கிடைக்கும் என்பதால், ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகு லேப்டாப்பில் பழைய பிரிண்டர் பதிவை நீக்கிவிட்டு, புதிய முகவரியில் மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.