பழைய ஐஸ் ஹொக்கி பற்றிக் கேளுங்கள்: கேள்வி பதில்

இன்று மாலை முழுக்க இங்கேதான் இருப்பேன். 1875இல் மொன்றியல் விக்ரோரியா சறுக்கு மண்டபத்தில் நடந்த முதல் உள்ளரங்க ஆட்டத்திலிருந்து இன்றைய என்.எச்.எல். (வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்) வரை அணிகள், அரங்குகள், வீரர்கள் என்று எதையும் கேட்கலாம். ஒரே ஒரு வேண்டுகோள். யாருடைய கோல் எண்ணிக்கையைச் சொன்னாலும், அது எந்தப் பருவம், அந்தப் பருவத்தில் எத்தனை ஆட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தெரியாமல் பேசுவதில் பயனில்லை.

கேள்வி: அண்ணை, 'ஒரிஜினல் சிக்ஸ்' என்கிறார்களே, லீக் தொடங்கியபோது இருந்த அந்த ஆறு அணிகள் எவை?

பதில்: தொடங்கியபோது ஆறு அணிகள் இருக்கவே இல்லை தம்பி. அந்தப் பெயர் பலரைக் குழப்பிவிட்டது. என்.எச்.எல். 1917 நவம்பர் 26ஆம் திகதி மொன்றியலில் ஒரு ஹோட்டலில் பிறந்தது. அதற்கு முன் என்.எச்.ஏ. என்று ஒரு லீக் இருந்தது. அதன் உரிமையாளர்களுக்கு ரொறன்ரோ அணியை வைத்திருந்த எடி லிவிங்ஸ்ரனோடு ஒத்துப்போகவே முடியவில்லை. அவரை வெளியேற்றுவதற்குப் பதில், அவரை அங்கே தனியே விட்டுவிட்டு மற்ற எல்லோரும் எழுந்துபோய் வேறு லீக் அமைத்தார்கள். முதல் பருவத்தில் இறங்கியவை நான்கே அணிகள்: மொன்றியல் கனேடியன்ஸ், மொன்றியல் வொண்டரர்ஸ், ஒட்டாவா, ரொறன்ரோ. கியூபெக்குக்கு இடம் இருந்தும் அந்த ஆண்டு ஆடவில்லை. 1918 ஜனவரி 2ஆம் திகதி மொன்றியல் அரீனா எரிந்து போனது, அதோடு வொண்டரர்ஸ் கதை முடிந்தது. மிச்சம் மூன்று அணிகள்!

நீங்கள் சொல்லும் ஆறு வேறு. பொஸ்ரன் 1924இல் வந்தது. நியூயோர்க் ரேஞ்சர்ஸ், சிக்காகோ, டெட்ரோயிட் மூன்றும் 1926இல் வந்தன. நடுவில் பல அணிகள் வந்து, பணமில்லாமல் மறைந்தன. 1942 முதல் 1967 வரை இந்த ஆறும் மட்டும் மிஞ்சி இருந்ததால், 1967இல் லீக் பன்னிரண்டு அணியாக விரிந்த பிறகு திரும்பிப் பார்த்தவர்கள் 'ஒரிஜினல்' என்றார்கள். மிஞ்சிய ஆறு என்று வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

கேள்வி: ஸ்ரான்லி கிண்ண வரலாற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த அணி எது?

பதில்: தோற்ற அணி ஒன்று. 1905இல் கனடாவின் வடமேற்கு மூலையான யூக்கனிலுள்ள டோசன் சிற்றியிலிருந்து வந்தவர்கள்.

இன்று என்.எச்.எல். சாம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்ரான்லி கிண்ணம் அப்போது எந்த லீக்குக்கும் சொந்தமில்லை. 1892இல் ஆளுநர் நாயகம் ஸ்ரான்லி பிரபு கொடுத்த கிண்ணம் அது. வைத்திருக்கும் அணிக்கு எந்த ஊரும் சவால் விடலாம். யூக்கனில் தங்கம் தோண்டப் போன இடத்தில் ஹொக்கி ஆடிக்கொண்டிருந்தவர்கள், கிண்ணத்தை வைத்திருந்த ஒட்டாவாவுக்குச் சவால் விட்டார்கள். 1904 டிசம்பர் நடுக்குளிரில் புறப்பட்டார்கள். வைற்ஹோர்ஸ் வரை ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். சிலர் நாய் வண்டியோடு, சிலர் சைக்கிளில், சைக்கிள் உடைந்த பின் நடை. பிறகு ரயிலில் ஸ்காக்வே போனால் அங்கே கப்பல் சில மணி நேரத்துக்கு முன்னர்தான் போயிருந்தது. அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து, தெற்கே வந்து, மறுபடி ரயிலேறி நாட்டின் குறுக்கே ஒட்டாவா. மூன்று வாரத்துக்கும் மேலான பயணம். வந்து இறங்கியவர்களுக்கு ஓய்வெடுக்க ஒழுங்காக நாளே கிடைக்கவில்லை, ஆட்டத்தைத் தள்ளிப்போட ஒட்டாவா சம்மதிக்கவில்லை.

ஜனவரி 13ஆம் திகதி முதல் ஆட்டம், 9க்கு 2 என்று தோல்வி. அந்த ஆட்டத்தில் ஒட்டாவாவின் ஃபிராங்க் மெக்கீ ஒரே ஒரு கோல்தான் அடித்தார். 'இவரா பெரிய ஆள்' என்று டோசன்காரர் ஒருவர் சொல்லி, அது மெக்கீயின் காதுக்குப் போனதாக ஒரு கதை உண்டு. இரண்டாவது ஆட்டத்தில் மெக்கீ 14 கோல் அடித்தார். 23க்கு 2. கிண்ணத்துக்கான ஆட்டத்தில் ஒருவர் அடித்த ஆகக்கூடிய கோல்கள் இன்றுவரை அதுதான். மெக்கீக்கு ஒரு கண் பார்வை கிடையாது, அது முன்னர் ஆட்டத்தில் அடிபட்டுப் போனது. அப்படியிருந்தும் முதல் உலகப் போரில் சேர்ந்து 1916இல் சொம் போர்க்களத்தில் இறந்தார்.

டோசனின் கோலி, அதாவது கோல் காப்பவர், ஆல்பர்ட் ஃபொரஸ்ற், இருபது வயதுகூட ஆகாத பையன். 23 கோல் வாங்கியும் அவர் நன்றாக ஆடினார் என்றே அன்றைய பத்திரிகைகள் எழுதின. எனக்கு மெக்கீயின் 14ஐ விட அந்தப் பையன் கடைசி வரை அங்கே நின்றதுதான் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: கிரெட்ஸ்கியா ஒவெச்கினா? ஒரு பெயர் சொல்லுங்கள்.

பதில்: கோல் போடுவதில் ஒவெச்கின், மொத்த ஆட்டத்தில் கிரெட்ஸ்கி. 2025 ஏப்ரல் 6ஆம் திகதி ஒவெச்கின் 895ஆவது கோலைப் போட்டு கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையைத் தாண்டினார். அது அவருடைய 1,487ஆவது ஆட்டம். கிரெட்ஸ்கி தன் வாழ்நாளில் ஆடியதும் சரியாக 1,487 ஆட்டங்கள்! ஆனால் கிரெட்ஸ்கி ஒரே பருவத்தில் 92 கோல் போட்ட 1981-82இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டுக் கோல் விழுந்தது. ஒவெச்கின் ஆடிய காலத்தில் ஆறைச் சுற்றித்தான். இதற்காகத்தான் எந்தப் பருவம் என்று பார்க்கச் சொல்கிறேன். மறுபக்கம், கிரெட்ஸ்கியின் 1,963 அசிஸ்ட்களை (மற்றவர் கோலுக்கு உதவிய பாஸ்களை) மட்டும் எண்ணினாலும் வேறு எவரது மொத்தப் புள்ளிகளையும் (கோலும் அசிஸ்டும் சேர்த்து) விட அதிகம். அதை யாரும் தொடப் போவதில்லை.

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. சறுக்குச் சப்பாத்து எங்கே மலிவாக வாங்கலாம்?

பதில்: நான் பழைய கதைக்காரன் தங்கச்சி. உங்கள் ஊர் அரங்கின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் பழையது கிடைக்கும்.

கேள்வி: மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் இடிக்கப்பட்டுவிட்டதா?

பதில்: இல்லை, கட்டடம் ரொறன்ரோவில் அப்படியே இருக்கிறது. உள்ளே இப்போது லோப்லோஸ் மளிகைக் கடை, மேலே பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மையமும் ஒரு பனித்தளமும். 1931இல், பெரும் பொருளாதார வீழ்ச்சி நடுவே, ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியை நடத்திய கொன் ஸ்மைத் ஆறு மாதத்துக்குள் கட்டி முடித்த அரங்கு அது. நவம்பர் 12ஆம் திகதி திறப்பு ஆட்டத்தில் லீஃப்ஸ் சிக்காகோவிடம் தோற்றது. 1999 பெப்ரவரி 13ஆம் திகதி கடைசி ஆட்டம், அதிலும் சிக்காகோவிடம்தான் தோல்வி. கடைக்குள் அலுமாரிகளுக்கு நடுவே தரையில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். அதுதான் பழைய பனித்தளத்தின் நடுப்புள்ளி. நான் பால் வாங்கப் போனாலும் அதில் ஒரு தடவை நின்றுவிட்டுத்தான் வருவேன்.

கேள்வி: லீஃப்ஸ் எப்போது கிண்ணம் வெல்லும்?

பதில்: கடைசியாக 1967. எதிர்காலம் என் துறை இல்லை.

கேள்வி: ஜோ மலோன் 20 ஆட்டத்தில் 44 கோல் போட்டார் என்கிறார்கள். அப்படியானால் அவர்தானே எல்லோரையும் விடப் பெரியவர்?

பதில்: ஆட்ட எண்ணிக்கையைச் சேர்த்துச் சொன்னதற்கு நன்றி! 1917-18இல் அவர் அடித்தது உண்மை. ஆனால் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் பக்கைத் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டைத்) தடுக்கக் கோலி பனியில் விழக்கூடாது என்று விதி, பருவம் நடக்கும்போதே ஜனவரியில் அதை மாற்றினார்கள். முன்னால் பாஸ் கொடுக்கவும் அனுமதி இல்லை. கோலிக்குக் கை கட்டிய ஆட்டம் ஒருபக்கம், தாக்குபவருக்குக் கால் கட்டிய ஆட்டம் மறுபக்கம். மலோன் தன் காலத்தின் மன்னன், அவ்வளவுதான் சொல்லலாம்.

கேள்வி: ஏன் அடிதடியை அனுமதிக்கிறார்கள்?

பதில்: அனுமதி இல்லை, ஐந்து நிமிடத் தண்டனை உண்டு. மற்றத் தொழில்முறை விளையாட்டுகள் போல உடனே வெளியேற்றுவதில்லை, வித்தியாசம் அதுதான்.

கேள்வி (வின்னிபெக்கிலிருந்து): அண்ணை, ரீமு செலானி 1992-93இல், 84 ஆட்டப் பருவத்தில், புதுமுகமாக 76 கோல் போட்டார். எங்கள் ஜெட்ஸின் சாதனைப் பட்டியலில் ஏன் அது இல்லை?

பதில்: ஏனென்றால் அது வேறு ஜெட்ஸ். பழைய ஜெட்ஸ் 1996இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டது. இப்போது உங்கள் ஊரில் ஆடுவது 2011இல் அட்லாண்டாவிலிருந்து வந்த த்ராஷர்ஸ். ஆகவே ஒரு பருவக் கோல் சாதனை, அட்லாண்டாவில் கோவல்சுக் அடித்த 52.

அதே நபர்: கோவல்சுக் வின்னிபெக் ஜேர்சியை ஒரு நாளும் போட்டதில்லை. செலானி அரிசோனா ஜேர்சியை ஒரு நாளும் போட்டதில்லை. இது என்ன கணக்கு?

பதில்: உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அணி என்பது ஓர் ஒப்பந்தச் சங்கிலி. வீரர்கள், புது வீரர்களைத் தேர்வு செய்யும் உரிமை, ஊழியர்கள் எல்லாம் ஒன்றாகப் பெட்டி கட்டிப் போகிறபோது பதிவேடும் கூடப் போகத்தான் வேண்டும். ஊரை வைத்து எழுதினால் அட்லாண்டாவில் ஆடிய அத்தனை பேரும் எங்கே போவார்கள்?

ஒட்டாவாவிலிருந்து ஓர் அக்கா: எங்கள் செனற்றர்ஸ் 1992இல் வந்த புது அணி. பழைய செனற்றர்ஸ் 1934இல் சென்ற் லூயிஸ் போய் அடுத்த ஆண்டே கலைந்தது. ஆனாலும் பழைய கிண்ணங்களின் கொடிகள் எங்கள் அரங்கில் தொங்குகின்றனவே?

பதில்: தொங்கட்டும் அக்கா, தொங்கத்தான் வேண்டும். மெக்கீ ஆடிய ஊர் உங்களுடையது. கொடி ஊருக்காக, பதிவேடு அணிக்காக. லீக் அந்த இரண்டையும் ஒரே அணியாக எண்ணுவதில்லை.

வின்னிபெக்காரர்: சரி, அப்படியானால் 2024இல் அரிசோனாவின் வீரர்களும் ஊழியர்களும் அப்படியே யூட்டாவுக்குப் போனார்களே, லீக் அதைப் புது அணி என்றுதானே அறிவித்தது? உங்கள் சங்கிலி எங்கே போனது?

பதில்: இதற்கு என்னிடம் பதில் இல்லை, நேராக ஒப்புக்கொள்கிறேன். என் விதிப்படி யூட்டா பழைய ஜெட்ஸின் தொடர்ச்சி. லீக் அப்படிச் சொல்லவில்லை. தேவைப்பட்ட இடத்தில் லீக்கே சங்கிலியை அறுக்கலாம் என்றால், 76ஐ வின்னிபெக்குக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதற்கும் காரணம் இல்லை. கொடுக்க வேண்டும் என்றே இப்போது நினைக்கிறேன். செலானி அந்த 54ஆவது கோலை அடித்துப் புதுமுகச் சாதனையை உடைத்தபோது அரங்கில் இருந்தவர்கள் உங்கள் ஊர் மக்கள்.

கேள்வி: ஒரிஜினல் சிக்ஸ் என்றால் முதல் ஆறு அணிகள்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கிரெட்ஸ்கி, ஒவெச்கின், யார் சிறந்தவர்?

பதில்: மேலே எழுதிவிட்டேன். தயவுசெய்து கேட்கும் முன் ஒரு தடவை மேலே போய்ப் பாருங்கள், இது மூன்றாவது முறை. நடுவில் வந்த ஒன்றை நானே நீக்கினேன்.

கேள்வி: இந்திய வம்சாவளியினர் யாராவது என்.எச்.எல்.லில் ஆடியிருக்கிறார்களா?

பதில்: ரொபின் பாவா. பிரிட்டிஷ் கொலம்பியாவின் டங்கன் ஊர்ப் பஞ்சாபிக் குடும்பம். 1989-90 பருவத்தில் வோஷிங்டனுக்கு ஆடத் தொடங்கினார், மொத்தம் 61 ஆட்டம். பின்னர் மனி மல்ஹோத்ரா, ஜுஜார் கைரா.

கேள்வி: பெண் யாராவது?

பதில்: மனோன் றியோம், கோலி. 1992 செப்ரெம்பரில் ராம்பா பே அணிக்காக ஒரு பயிற்சிப் போட்டியில், ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் ஒன்று முழுக்க நின்றார். சென்ற் லூயிஸ் அடித்த ஒன்பதில் ஏழைத் தடுத்தார்.

கேள்வி: பில் பரில்கோ பற்றி அப்பா சொல்வார். உண்மையா?

பதில்: உண்மை. 1951 ஏப்ரல் 21ஆம் திகதி மேலதிக நேரத்தில் கோல் போட்டு லீஃப்ஸுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். ஓகஸ்ரில் அவர் மீன் பிடிக்கப் போன சிறு விமானம் அவரோடு காணாமல் போனது. தேடித் தேடியும் கிடைக்கவில்லை. அதன் பின் லீஃப்ஸ் பல ஆண்டுகள் கிண்ணம் வெல்லவில்லை, 1962 வசந்தத்தில்தான் மறுபடி வென்றது. அதே ஆண்டு ஜூனில் வட ஒன்ராறியோக் காட்டில் விமானம் அகப்பட்டது. தற்செயல்தான். ஆனால் உங்கள் அப்பா போன்றவர்கள் அதை மறக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது, மறக்கவும் கூடாது.

கேள்வி: கடைசியாக ஒன்று அண்ணை. கிண்ணம் யாருக்கும் கிடைக்காத ஆண்டு உண்டா?

பதில்: இரண்டு. 2005இல் உரிமையாளர்களும் வீரர்களும் சம்பளத் தகராறில் முட்டிக்கொண்டு பருவம் முழுவதும் ரத்து. மற்றது 1919. சியாற்றில் மெற்றோபொலிற்றன்ஸும் மொன்றியல் கனேடியன்ஸும் ஐந்து ஆட்டம் ஆடி, இரண்டு இரண்டாக வென்று, ஒன்று சமநிலை. ஆறாவது ஆட்டத்துக்கு முன் கனேடியன்ஸ் வீரர்கள் ஒவ்வொருவராக இன்ஃபுளுவென்சாவில் விழுந்தார்கள். போட்டி கைவிடப்பட்டது. ஜோ ஹோல் என்ற வீரர் சில நாட்களில் சியாற்றிலிலேயே இறந்தார். கிண்ணத்தில் அந்த ஆண்டுக்கு இரண்டு அணிகளின் பெயரையும் பொறித்து, 'தொடர் முடிவடையவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். ரொறன்ரோவில் யங் வீதியும் ஃபிரன்ற் வீதியும் சந்திக்கும் மூலையில் ஹொக்கி புகழ் மண்டபம் இருக்கிறது, கிண்ணம் வெளியூர் போகாத நாளாகப் பார்த்துப் போனால் நேரில் வாசிக்கலாம்.