தெரிந்த முகத்தைத் தெரியாததுபோல் கடந்து செல்பவருக்கு

கேள்வி: எனக்கு வயது 38. ஒருமுறை பார்த்த முகம் எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் எனக்கு மறப்பதில்லை. பெயர்கள் நினைவில் நிற்பதில்லை. வீட்டுச் சாவியை வைத்த இடம் அடிக்கடி மறந்துபோகிறது. பள்ளியில் மனப்பாடம் செய்யவும் நான் மிகவும் சிரமப்பட்டவள். முகங்கள் மட்டும் அப்படியே தங்கிவிடுகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம், "ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் காத்திருந்தபோது உங்களைப் பார்த்திருக்கிறேன், உங்களோடு ஒரு பெரியவர் இருந்தார்" என்று மகிழ்ச்சியோடு சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. அதன் பிறகு என்னைத் தவிர்க்கத் தொடங்கினார். நான் அவரைப் பின்தொடர்ந்தவளோ என்று மற்றவர்களிடம் விசாரித்ததாகவும் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் தெரியாதவள்போல நடிக்கிறேன். என் கணவருக்குக்கூட இது தெரியாது. போன மாதம் என் ஒன்பது வயது மகள் தெருவில் ஒருவரைக் காட்டி, "அம்மா, இவர் அன்றைக்குப் பேருந்தில் நமக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்" என்றாள். எனக்கும் அவரை அடையாளம் தெரிந்தது. ஆனாலும், "இல்லை, இது வேறு யாரோ" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது ஏதேனும் நோயா? இதை வெளியில் சொல்லலாமா, கூடாதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரிப்பது நோயன்று. உங்களைப் போன்றவர்களை ஆய்வாளர்கள் ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்கள். அவர்களுக்கு 'சூப்பர் ரெகக்னைசர்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் பிறந்த விதம் உங்கள் கடிதத்தோடு நெருங்கிய தொடர்புடையது. ரிச்சர்ட் ரஸ்ஸல், பிராட் டுஷேன், கென் நாகயாமா ஆகிய மூவரும், சொந்தக் குடும்பத்தாரின் முகத்தைக்கூட அடையாளம் காண முடியாமல் தவிக்கும் 'ப்ராசோபக்னோசியா' என்னும் குறைபாட்டைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்தச் செய்தியைக் கேள்விப்பட்ட சிலர், தங்கள் நிலைமை அதற்கு நேர் எதிரானது என்று தாமாகவே முன்வந்து அவர்களிடம் சொன்னார்கள். அப்படி வந்தவர்களில் நால்வரைச் சோதித்து, அவர்களுடைய திறன் சாதாரண மனிதர்களின் திறனைவிட மிகவும் உயர்ந்தது என்று 2009-ஆம் ஆண்டு அந்த ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். தெரிந்த முகத்தைக் கண்டும் தெரியாததுபோல் காட்டிக்கொள்ளும் பழக்கம் இருப்பதாக அவர்களிடமிருந்தும் செய்தி கிடைத்தது. பின்தொடர்கிறவர் என்றோ அளவுக்கு மீறிய அக்கறை கொண்டவர் என்றோ தம்மைப் பிறர் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம்தான் அதற்குக் காரணம். நீங்கள் தனியாகக் கண்டுபிடித்ததாக எண்ணிக்கொண்டிருக்கும் அந்த நடிப்பை, உங்களைப் போன்ற பிறரும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சாவியை மறக்கிற நீங்கள் முகத்தை மறக்காதது எப்படி என்ற குழப்பமும் உங்களுக்கு வேண்டாம். 2010-இல் இரட்டையர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், முகமறியும் திறன் பொதுவான நினைவாற்றலோடு பெரிதும் ஒட்டாமல் தனித்து நிற்பது தெரியவந்தது. சொற்களை நன்றாக நினைவில் வைப்பவர் முகங்களையும் நன்றாக நினைவில் வைப்பார் என்று சொல்வதற்கில்லை. அதே ஆய்வு வேறொன்றையும் காட்டியது. மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் ஒத்திருக்கும் ஒரு கரு இரட்டையர்களின் மதிப்பெண்களுக்கிடையே 0.70 என்ற அளவுக்கு ஒட்டுறவு இருந்தது (1 என்றால் முழு ஒட்டுறவு). சாதாரண உடன்பிறப்புகள் அளவுக்கே மரபணுக்கள் ஒத்திருக்கும் இரு கரு இரட்டையர்களிடம் அது 0.29 மட்டுமே. இந்தத் திறன் பெரும்பாலும் மரபுவழியாக வருகிறது என்பதே அதன் பொருள். உங்கள் மகளைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருவேன்.

மனிதர்கள் தம் அரிய திறன்களை ஏன் வெளியில் சொல்வதில்லை என்பதை நான் நெடுங்காலமாக யோசித்திருக்கிறேன். எனக்கும் அப்படி ஒன்று உண்டு. எந்தச் சொல்லைக் கேட்டாலும் அதன் எழுத்துகள் கடைசியிலிருந்து முதலுக்கு மாறி உடனே என் காதில் ஒலிக்கும். கதவு என்றால் வுதக, மழை என்றால் ழைம. எல்லோருக்கும் இப்படித்தான் ஒலிக்கும் என்று பன்னிரண்டு வயதுவரை நம்பியிருந்தேன். ஒருநாள் வகுப்பில் அதைச் சொல்லிக் காட்டியபோது, ஆசிரியர் என்னைக் கேலி பேசுகிறவன் என்று எண்ணிக் கடிந்துகொண்டார். அதன் பிறகு இருபது ஆண்டுகள் நான் அதை எவரிடமும் சொல்லவில்லை. இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதுகிறவர்களும் எப்போதாவது இத்தகைய ஒன்றைக் கடைசி வரியில் ஒதுக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். விரும்பியபோது காதுக்குள் இடியோசை போன்ற முழக்கத்தை எழுப்ப முடிவதாக ஒருவர் எழுதியிருந்தார். நடுச்செவியில் உள்ள ஒரு சிறு தசையைச் சிலரால் தம் விருப்பப்படி இறுக்க முடியும் என்பதும், அந்த முழக்கம் அதனால் எழுகிறது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. தமக்கு ஏதோ கோளாறு என்று ஆண்டுக்கணக்காக நினைத்திருந்தார்.

இந்த மௌனத்துக்கு முதல் காரணம் அறியாமைதான். நமக்குள் நடப்பதைப் பிறருக்குள் நடப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாததால், நம்மிடம் உள்ளது எல்லோரிடமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். 1880-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன், அன்று காலையில் உணவருந்திய மேசையை மனக்கண்ணில் பார்க்க முடிகிறதா என்று பலரிடம் கேட்டார். நேரில் காண்பதுபோலவே தெரிகிறது என்று சிலர் சொன்னார்கள். 'மனக்கண்' என்பதே வெறும் பேச்சு வழக்கு என்றும், அப்படி ஒன்றைத் தாம் கண்டதே இல்லை என்றும் வேறு சிலர் சொன்னார்கள். அக்கேள்வியைக் கேட்கும்வரை இரு சாராருக்கும் அடுத்தவரைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

இன்னொருவருடைய கதை இதைவிட ஆழமானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜாய் மில்ன் என்னும் செவிலியர், தம் கணவரிடமிருந்து புதியதொரு வாடை வருவதை உணர்ந்தார். அவர் சரியாகக் குளிப்பதில்லை என்று எண்ணி அதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். கணவருக்கு அது எரிச்சலூட்டியது. ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்குப் பின், 45 வயதில், கணவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது. அந்த நோயாளிகள் கூடிய ஒரு கூட்டத்துக்குச் சென்றபோது, அங்கிருந்தவர்களிடமும் அதே வாடை வீசுவதை ஜாய் கண்டார். பிறகு எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் டிலோ குனாத் 12 பேர் அணிந்த டி-ஷர்ட்டுகளை அவரிடம் கொடுத்துச் சோதித்தார். அவற்றுள் ஆறு நோயாளிகளுடையவை, ஆறு நோயில்லாதவர்களுடையவை. நோயாளிகள் ஆறு பேரையும் ஜாய் சரியாகச் சொன்னார். ஆனால் நோயில்லாதவர் ஒருவருக்கும் நோய் இருப்பதாகச் சொன்னார். அது பிழையென்று குறிக்கப்பட்டது. எட்டு மாதங்களுக்குப் பின் அந்த மனிதருக்கும் பார்க்கின்சன் நோய் இருப்பது உறுதியாயிற்று. தோலின் எண்ணெய்ப் பசையில் உள்ள எந்தெந்த வேதிப்பொருள்கள் அந்த வாடையைத் தருகின்றன என்று ஆராய்ந்த கட்டுரை 2019-இல் வெளிவந்தது. ஒரு வீட்டுக்குள் பன்னிரண்டு ஆண்டுகள் மனவருத்தமாக மட்டுமே இருந்த ஒன்று, பெயரும் சோதனையும் கிடைத்த பிறகு மருத்துவத்துக்கு உதவும் அறிவாயிற்று.

ஜாயின் திறனையும் உங்கள் திறனையும் என் திறனோடு சேர்த்து எண்ணக்கூடாது என்பது என் கருத்து. நான் சொற்களைத் திருப்பிச் சொன்னால் அது யாரையும் தொடுவதில்லை. உங்கள் திறனோ வேறொருவரைப் பற்றிய செய்தியைச் சுமந்து வருகிறது. அந்த அலுவலக நண்பர் அஞ்சியது உங்கள் நினைவாற்றலைக் கண்டு அன்று என்றே நினைக்கிறேன். மருத்துவமனையில் ஒரு முதியவருடன் காத்திருந்த நாள் அவருக்கு எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அங்கே தம்மை யாரும் கவனிக்கவில்லை என்று நம்பித்தான் அவர் உட்கார்ந்திருப்பார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், புதிய இடத்தில், அறிமுகமே இல்லாத ஒருவர் அந்த நாளை எடுத்து அவர்முன் வைத்தால் எவருக்கும் உள்ளம் நடுங்கும். நீங்கள் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர் அஞ்சியதிலும் தவறில்லை.

ஆகவே, சொல்லலாமா கூடாதா என்ற உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். 'முகங்கள் எனக்கு மறப்பதில்லை' என்பது உங்களைப் பற்றிய செய்தி. அதை நீங்கள் விரும்பிய எவரிடமும் தயங்காமல் சொல்லலாம். 'உங்களை இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாரோடு பார்த்தேன்' என்பது அவரைப் பற்றிய செய்தி. அதைத் திறக்கும் உரிமை அவருக்கே உண்டு. பழைய முகம் ஒன்று எதிரில் வந்து பேசவும் நேர்ந்தால், "உங்களை எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது பொய்யன்று, முழுவதையும் சொல்லாத உண்மை. அவராக இடத்தையும் காலத்தையும் நினைவுகூர்ந்தால் மகிழ்ச்சியோடு சேர்ந்துகொள்ளுங்கள், இல்லையெனில் விட்டுவிடுங்கள். அந்த அலுவலக நண்பர் இன்னும் உங்களுடன் பணியாற்றுகிறார் என்றால், ஒரே ஒருமுறை அவரிடம், "எனக்கு எல்லாருடைய முகமும் இப்படித்தான் மனத்தில் தங்கிவிடும்; அன்றைக்கு அதை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். மருத்துவமனை என்ற சொல்லே அதில் வர வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2011-இல் லண்டனில் கலவரம் நடந்தபின், கண்காணிப்புக் கேமராப் பதிவுகளிலிருந்து ஒரே ஒரு காவலர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அடையாளம் கண்டார். உங்களைப் போன்ற திறனுடையவர்களைக் காவல்துறை தேடிப் பயன்படுத்தும் அளவுக்கு இதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அவர்களும் தவறுவதுண்டு. சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகாத இனத்தவரின் முகங்களில் அவர்களுடைய துல்லியமும் குறைகிறது. எனவே ஒருவர்மீது குற்றமோ பழியோ விழக்கூடிய இடத்தில், 'இவரேதான்' என்ற உங்கள் உள்ளுணர்வு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், வேறு சான்று இல்லாமல் அதைச் சொல்லாதீர்கள். உங்கள் திறனை அளந்து பார்க்க விரும்பினால், சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் கிரீனிச் பல்கலைக்கழகமும் இணையத்தில் தேர்வுகளை உருவாக்கியிருக்கின்றன. அவற்றை எழுதிப் பாருங்கள் என்றே நான் சொல்வேன். மதிப்பெண் குறைவாக வந்தாலும் நட்டமில்லை. ஆண்டுக்கணக்காக மனத்துக்குள் மட்டும் இருந்த ஒன்றுக்கு ஓர் அளவு கிடைக்கும்.

கணவரிடம் இன்றே சொல்லுங்கள். இதைச் சொல்ல ஒரு பெரிய தருணம் தேவையில்லை. இருவரும் சேர்ந்து படம் பார்க்கும்போது, கூட்டத்தில் ஒருவராக நிற்கும் துணை நடிகரை வேறு எந்தப் படத்தில் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்; அதைச் சரிபார்க்கவும் முடியும், யாருடைய அந்தரங்கமும் அதில் இல்லை. நான் என் மனைவியிடம் சொற்களைத் திருப்பிச் சொல்லிக் காட்டிய மாலையில், அவர் அரைமணி நேரம் ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இருபது ஆண்டுகள் எதற்காக இதை மறைத்தோம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இனி உங்கள் மகள். கடிதத்தின் மற்ற பகுதிகளை நான் ஒருமுறை படித்தேன். இந்தப் பகுதியைப் பலமுறை படித்தேன். பெரியவர்களிடம் நீங்கள் நடிக்கும்போது இழப்பு உங்களுக்கு மட்டும்தான். அவளிடம் "வேறு யாரோ" என்றபோது, அவள் சரியாகக் கண்டதை அவளே சந்தேகிக்கும்படி ஆகிவிட்டது. அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அவளுக்கும் உங்கள் திறன் வந்திருக்க வாய்ப்புண்டு. முகமறியும் ஆற்றல் முப்பது வயதைத் தாண்டிய பிறகே உச்சத்தை அடைகிறது என்று தெரியவந்திருப்பதால், அவளிடம் இது இன்னும் பல ஆண்டுகள் வளரும். அந்த ஆண்டுகள் முழுவதும் தன் கண்களை நம்பலாமா என்ற ஐயத்தோடு அவள் வளர வேண்டியதில்லை. உங்களுக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கிறது: அதே திறனுள்ள ஒருவர் அவள் வீட்டிலேயே இருக்கிறார். யாரிடம் எதைச் சொல்லலாம், எதை மனத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஓர் அலுவலகத்தில் அடிபட்டுக் கற்காமல், உங்களிடமிருந்தே அவள் கற்றுக்கொள்ளலாம். அவளைத் தேர்வு எழுத வைக்காதீர்கள். உறவினர் முன்னால் சொல்லிக் காட்டவும் சொல்லாதீர்கள்.

அன்றைக்கு அந்தப் பேருந்தில் அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், என்ன நிறச் சட்டை அணிந்திருந்தார் என்பதுகூட உங்களுக்கு இன்னும் நினைவிருக்கலாம். இன்று மாலை மகள் வீடு திரும்பியதும் அவளை அருகில் உட்காரவைத்து, "அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி, அவரேதான், அம்மாவுக்கும் தெரிந்திருந்தது" என்று சொல்லுங்கள். பிறகு, அவர் பேருந்தில் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று அவளையே கேளுங்கள்.