எல்.ஐ.சி. போடும் இடத்தில் நானும் போடலாமா?

கேள்வி: வயது 61. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஓய்வுப் பணம் 14 லட்சம் வங்கியில் சும்மா கிடக்கிறது. "சோலார் பூங்காத் திட்டம், வருஷம் 14 சதவீத வட்டி, எல்.ஐ.சி.யும் பி.எஃப்.பும் இதில்தான் போடுகின்றன" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போடலாமா?

பதில்: ஐயா, பெரிய நிறுவனங்கள் பசுமைத் திட்டங்களில் பணம் போடுவது உண்மைதான். ஆனால் எவ்வளவு வட்டிக்கு என்று கேட்டுப் பாருங்கள். 2023 ஜனவரியில் மத்திய அரசு முதன்முதலாகப் பசுமைக் கடன்பத்திரம் (சோலார் போன்ற சுற்றுச்சூழல் வேலைகளுக்கென்றே வாங்கும் கடன்) வெளியிட்டது. 10 ஆண்டுப் பத்திரத்துக்கு வட்டி 7.29 சதவீதம், 5 ஆண்டுக்கு 7.10. சாதாரண அரசுப் பத்திரத்தைவிட ஒரு துளி குறைவு. 2024 மே மாத ஏலத்தில் அந்தத் துளியை விட்டுக்கொடுக்கவும் வாங்குபவர்களுக்கு மனமில்லை. அவர்கள் கூடுதல் வட்டி எதிர்பார்த்துக் கேட்ட விலைகளை எல்லாம் ரிசர்வ் வங்கி தள்ளிவிட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் பி.எஃப்.புக்கும் அது ஊரார் பணம், கால் சதவீதத்துக்கும் கணக்குப் பார்ப்பார்கள். பி.எஃப். பணத்தில் 45 முதல் 65 சதவீதம் அரசுப் பத்திரத்துக்குத்தான் போக வேண்டும் என்று விதியே இருக்கிறது.

மீதிப் பணத்தைப் போடும்போது அவர்கள் பார்ப்பது ஒன்றுதான்: வட்டி எந்தப் பையிலிருந்து வரும்? இந்தூர் மாநகராட்சியைப் பாருங்கள். நர்மதைத் தண்ணீரை மேலேற்ற ஆகும் மின் கட்டணம் கழுத்தைப் பிடித்தது. அதனால் 60 மெகாவாட் சோலார் நிலையம் அமைக்க 2023 பிப்ரவரியில் 244 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் விற்றது, வட்டி 8.25 சதவீதம். மிச்சமாகும் மின் கட்டணமே வட்டிக்கு வழி. நம் தமிழ்நாட்டில் 2002-லேயே, தனியாகப் போனால் யாரும் கடன் தராத சிறு நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஒன்றுசேர்ந்து, குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக ஏறத்தாழ 30 கோடிக்குப் பத்திரம் விற்றன. அதற்கும் பாதி அசலுக்கு அமெரிக்க உதவி முகமையின் உத்தரவாதம் தேவைப்பட்டது.

உங்கள் ஊரிலேயே எதிர் உதாரணம் இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டது நினைவிருக்கும். அப்புறம் மின்கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோனது உலக வங்கிக் கடனில். ஊருக்கு அவ்வளவு தேவையான வேலை. ஆனால் அதில் டோல் வசூலிக்க முடியாதே! அப்படிப்பட்ட வேலைக்கு ஓய்வூதிய நிதிகள் நேரடியாக வருவது அபூர்வம். 'ஊருக்கு நல்லது', 'முதலுக்குப் பாதுகாப்பு' இரண்டும் எப்போதும் சேர்ந்து வராது.

சரி, உங்கள் 14 லட்சம். அரசும் மாநகராட்சியும் 7, 8 சதவீதம்தான் தரும்போது, உங்கள் தெரிந்தவர் சொல்லும் 14 சதவீதம் எந்தப் பையிலிருந்து வரும்? அதில் போட வேண்டாம். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு இதை எழுதும்போது 8.2 சதவீதம், 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. அரசின் பசுமைப் பத்திரம் தந்ததைவிட அதிகம்! பெரும்பகுதியை அங்கேயே வையுங்கள். பசுமைக்கும் பங்களிக்க ஆசை என்றால் தனிநபர்கள் அரசுப் பத்திரங்களை நேரடியாக வாங்க ரிசர்வ் வங்கி நடத்தும் ரீட்டெய்ல் டைரக்ட் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, அரசுப் பசுமைப் பத்திரம் ஏலத்துக்கு வரும்போது 10,000 ரூபாயிலிருந்து வாங்கலாம். ஒரு லட்சத்தைத் தாண்ட வேண்டாம். வட்டிக்கு வரி உண்டு, நடுவில் விற்கப்போனால் விலை இறங்கியும் இருக்கலாம்.

அந்தத் தெரிந்தவர் மறுபடி வந்தால், பத்திரத்தின் ஐ.எஸ்.ஐ.என். எண்ணையும் (ஒவ்வொரு பத்திரத்துக்கும் உள்ள தனி அடையாள எண்), கடனைத் திருப்பித் தரும் திறனைக் காட்டும் தரமதிப்பீட்டுச் சான்றையும் கேளுங்கள். "அதெல்லாம் பெரிய ஆளுங்களுக்குத்தான் சார்" என்று இழுத்தால், ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.