மகனைக் கொழும்புக் கடைக்கு அனுப்புவதற்கு முன்

அம்மா, மகன் ஓ.எல். (க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) கணிதத்தில் சித்தியடையவில்லை, அவன் அப்பா கொழும்பில் புடவைக் கடைக்கு அனுப்பச் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அவரைக் கோபிக்காதீர்கள். 2024இல் தேயிலைத் தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. ஆனாலும் பறிக்கும் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அப்படி ஓடுகிற வீட்டில் அடுத்த மாதமே வரும் சம்பளம் பெரிதாகத்தான் தெரியும். தீபாவளிக்குப் புது போனோடு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வரும் பக்கத்து வீட்டுப் பையனையும் தினம் பார்க்கிறார். பிள்ளை மேல் பாசம் இல்லாமல் அவர் இதைச் சொல்லவில்லை.

ஆனால் ஹட்டன் டவுனில் கடை வைத்திருப்பவரின் மகனும் அதே கணிதத்தில்தான் கோட்டை விடுகிறான். அந்த வீட்டில் உடனே டியூசன் மாஸ்டரைத் தேடுகிறார்கள், மறுபடி பரீட்சை எழுத வைக்கிறார்கள். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்ற பேச்சு நம் வீடுகளில்தான் வருகிறது. இன்னொரு முறை எழுத அவகாசம் கொடுக்க வறுமை விடுவதில்லை. பிள்ளையோ தனக்கு மூளை இல்லை என்றே நம்பிவிடுகிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இன்னொன்றும் பார்க்கிறேன். வசதியான வீட்டுப் பிள்ளை வழிகாட்டல் கேட்டு என் மேசைக்கு முன் உட்கார்ந்து தானே கேள்வி கேட்கும். தோட்டத்துப் பிள்ளையிடம் பெயரைக் கேட்டால்கூட அப்பாதான் பதில் சொல்வார். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். தோட்டத்துத் துரை (மேலாளர்), கணக்கப்பிள்ளை (வேலையைக் கண்காணிப்பவர்) முன்னால் வாய் திறக்காதே என்று வளர்த்தது பிள்ளையைக் காப்பாற்றத்தான். நேர்முகத் தேர்வில் அதே பழக்கம் அவனை வீழ்த்திவிடும்.

இனி வழிகள். கணிதத்தை மட்டும் மறுபடி எழுதலாம். 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவில் சேர ஓ.எல். சித்தி தேவையில்லை. எல்லாப் பாடசாலையிலும் அது இல்லை, வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்தில் இப்போது என்னென்ன பயிற்சி நடக்கிறது என்றும் கேளுங்கள். என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையில் 4ஆம் மட்டம் எடுத்துவிட்டால் அவன் தேர்ந்த தொழிலாளி. அதற்கு மேல் 5, 6 டிப்ளோமா, 7 பட்டம் என்று படி இருக்கிறது. பஸ் காசுதான் உங்களுக்குப் பெரிய செலவாகும். அதை இப்போதே கணக்குப் பாருங்கள்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுவார்களா என்று முதலிலேயே கேளுங்கள்: சம்பளத்தில் 8 வீதம் அவனுடையது, 12 வீதம் முதலாளி போட வேண்டியது. அடையாள அட்டையை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம்.

அடுத்த முறை அப்பாவையும் கூட்டி வாருங்கள். பெறுபேற்றுத் தாளும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். என்ன வேலை பிடிக்கும் என்று நான் மகனிடம்தான் கேட்பேன். அவன் பதில் சொல்ல நேரம் எடுத்தாலும், தயவுசெய்து நீங்கள் இருவரும் பேசாமல் இருங்கள்.