வேதாகமத்தில் படம் வரைந்து தியானிப்பது என்றால் என்ன?

பெங்களூருவில் தமிழ் ஆராதனைக்கு வரும் இளையோர் சிலர் வேதாகமத்தோடு வண்ணப் பென்சிலும் கொண்டுவருகிறார்களே, எதற்கு என்பது கேள்வி. வாசித்ததில் மனத்தைத் தொட்ட சொல்லைப் பக்க ஓரத்திலோ தனி நோட்டிலோ அழகாக எழுதி, சிறு படம் வரைந்து, தேதியிட்டு ஒரு வரி ஜெபம் சேர்ப்பதுதான் இது.

வேதாகமப் பாடல் நூலான சங்கீதத்தில், 23-ஆம் சங்கீதத்துக்கு ஆறே வசனங்கள். மனப்பாடமாகத் தெரிவதாலேயே அதை நாம் கேட்காமல் ஓதிவிடுகிறோம். ‘அமர்ந்த தண்ணீர்கள்’ என்ற இரு சொற்களை வரைய உட்காருங்கள். அரைமணி நேரம் அந்தக் கரையிலேயே இருப்பீர்கள். அந்தத் தங்குதல்தான் தியானம். அல்சூர் தெருவில் பார்த்துக் கடந்த கோலம் முனை திரும்புவதற்குள் மறந்துவிடும். நாமே புள்ளி வைத்துப் போட்ட கோலம் கையை விட்டுப் போகாது.

வேதாகமத் தாள் மெல்லியது, ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும், பென்சிலே நல்லது. ஓவியம் வராதவர்களும் தாராளமாகச் செய்யலாம்.

வசனத்தோடு எதையும் கூட்டாதே என்கிற, வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம் 22:18-ஐக் காட்டி இதைப் பாவம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த எச்சரிக்கை அந்த நூலின் தீர்க்கதரிசன வசனங்களோடு கூட்டி அவற்றை மாற்றுவதைப் பற்றியது, ஓரத்தில் எழுதும் ஜெபத்தைப் பற்றியதல்ல.