வெளி விறகு ஃபர்னஸிலிருந்து வீட்டுக்கு வெந்நீர்க் குழாய் பதிப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், வீட்டிலிருந்து 100 அடி தள்ளி, தண்ணீரைச் சூடாக்கி வீட்டுக்கு அனுப்பும் விறகு ஃபர்னஸ் (அடுப்பு) வருகிறது. குழாயை உறைபனி மட்டத்துக்கு (குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்துக்கு)க் கீழே புதைக்க வேண்டுமா? பபிள் ராப் சுற்றிய மலிவான குழாய் போதுமா?

ஆழத்தைவிட ஈரத்துக்குப் பயப்படுங்கள். மண் உறைவதால், அந்த மாநிலத்தின் வடபகுதியில் அஸ்திவாரம் 60 அங்குலம் போக வேண்டும் என்பது விதி. ஆனால் குளிர்காலம் முழுக்கச் சுடுநீர் ஓடும் குழாய்க்குக் காப்பு நன்றாக இருந்தால் 24 அங்குலம் போதும்; கார் ஏறும் இடத்தில் மட்டும் கூடுதலாகத் தோண்டுங்கள். ஆழமாகத் தோண்டி நிலத்தடி நீரில் குழாயை ஊறவைத்தால்தான் நஷ்டம்.

பபிள் ராப் குழாய் வேண்டவே வேண்டாம். அதன் வெளியுறையாக இருக்கும் நெளிவுக் குழாயில் ஒரு கீறல் விழுந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கி, சுற்றியிருக்கும் காப்பு வீணாகும். போகும் குழாயும் திரும்பும் குழாயும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சூட்டைப் பரிமாறிக்கொள்ளும். பள்ளத்தின் மேல் மட்டும் பனி உருகிக் கோடு போட்டிருந்தால் அதுதான் சூடு வீணாவதன் அறிகுறி. கணக்கு இது: நிமிடத்துக்கு 10 கேலன் ஓட்டத்தில் வழியில் 5 டிகிரி பாரன்ஹீட் இழந்தால் மணிக்கு 25,000 பிடியூ (வெப்ப அளவின் அலகு), நாளைக்கு 6 லட்சம் பிடியூ. ஒரு பவுண்டு விறகு தண்ணீருக்கு 3,500 பிடியூ தருகிறது என்று வைத்தால், தினம் 170 பவுண்டு விறகு மண்ணைச் சூடாக்கவே போகிறது. இரு குழாய்களையும் தனித்தனியாகப் பிரித்து, இடைவெளியில்லாமல் மூடிய செல் (நீர் ஊறாத மூடிய குமிழிகள் கொண்ட) பாலியூரித்தேன் நுரை நிரப்பிய குழாயையே வாங்குங்கள். விலை அதிகம்தான், ஆனால் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

1 அங்குல பெக்ஸ் (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயின் உள்விட்டம் 0.86 அங்குலம்தான். போக வர 200 அடியில் அது நிமிடத்துக்குச் சுமார் 10 கேலன் வரை தாங்கும். போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 20 டிகிரி பாரன்ஹீட் வித்தியாசம் இருந்தால் அது மணிக்கு 1 லட்சம் பிடியூ. அதற்கு மேல் தேவையென்றால் 1¼ அங்குலம்.

தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, புதைந்திருக்கும் கேபிள், எரிவாயுக் குழாய்களைக் குறிக்கச் சொல்லுங்கள். பள்ளத்தின் அடியில் கூர்கல் இருக்கக் கூடாது, மணல் பரப்புங்கள். மண்ணுக்குள் இணைப்பே வேண்டாம், ஒரே துண்டாக இருக்கட்டும். நுரை தெரியும் இரு முனைகளிலும் ரப்பர் மூடி போடுங்கள். பலர் விட்டுவிடும் வேலை இதுதான், நுரைக்குள் ஈரம் ஏறுவதும் அந்த வழியாகத்தான். சுவரில் குழாய் நுழையும் ஓட்டையையும் தண்ணீர் புகாதபடி அடைக்க வேண்டும்.

மண் மூடுமுன் குழாயை மட்டும் 40 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காற்றழுத்தத்தில் சில மணி நேரம் சோதியுங்கள். திறந்த வகை (நீர்த்தொட்டி வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும்) ஃபர்னஸ் அழுத்தம் தாங்காது, ஆகவே அதை இணைக்காமல் செய்யுங்கள். பம்பை ஃபர்னஸின் வெந்நீர் வாயிலில், நீர்மட்டத்துக்குக் கீழே, வீட்டை நோக்கித் தள்ளும்படி வையுங்கள். வீட்டிலிருந்து இழுத்தால், கொதிநிலையை நெருங்கிய நீரில் குமிழி கட்டி பம்பு சத்தம் போடும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். இருபுறமும் வால்வு இருந்தால் நீரை வடிக்காமலே பம்பு மாற்றலாம்.

நெருப்பும் பம்பும் ஒருசேர நின்று கடுங்குளிர் தொடர்ந்தால் 24 அங்குலத்திலும் உறையும். குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் தண்ணீரோடு, உறையாமல் காக்கும் திரவமான புரோப்பிலீன் கிளைக்கால் கலந்துவிடுங்கள்.